தேயிலைப் பெட்டியும் பேஸ் கிட்டாரும்

கடந்த தைப்பொங்கலுக்குக் கந்தப்பளைக்குச் சென்றிருந்தபோது, என் ஒன்றுவிட்ட சகோதரியின் மகன் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். திரையில் ஒரு பேஸ் கிட்டாரின் படம். கறுத்த உடல், சாயம் உரிந்த விளிம்பு, நான்கு தடித்த தந்திகள், முதுகுப் புறத்தில் யாரோ ஒருவரின் இடுப்புப்பட்டிக் கொளுவி ஆண்டுக்கணக்காக உராய்ந்து ஏற்படுத்திய தழும்பு. கண்டியில் ஒருவர் விற்கிறாராம். ஜப்பானில் செய்யப்பட்டதாம். விலை எழுபத்தையாயிரம் ரூபா.

"மாமா, எடுக்கலாமா?" என்று கேட்டான்.

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆயினும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாளில் குப்பை கொட்டியவனுக்கு உலகில் எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம் குடும்பங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமின்றி, "கழுத்து நேராக இருக்கிறதா என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்" என்றேன். அது நானறிந்த ஒரே பாடம். அதையும் எனக்குச் சொல்லித் தந்தவர் இந்த நாட்டில் இல்லை. அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அவனுடைய தாயார் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவர் விலையைக் கேட்டதும் அதை நாட்களாக மாற்றினார். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் வர்த்தமானியில் வெளிவந்த ஆயிரம் ரூபா நாட்சம்பளமே இன்னும் அவருடைய மனக்கணக்கில் அலகாக இருக்கிறது. சம்பளம் அதன்பின் உயர்ந்திருக்கிறது என்பது வேறு விடயம். "எழுபத்தைந்து நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கந்தப்பளை ஆறாயிரம் அடிக்கு மேல் உள்ள ஊர். தை மாதக் குளிரில் தூக்கம் வராதிருப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. ஆனால் நான் நினைத்துக் கொண்டிருந்தது கிட்டாரைப் பற்றி அல்ல, தேயிலைப் பெட்டியைப் பற்றி.

எங்கள் லயத்து வீட்டில் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. அதன்மேல் சாமி படங்கள், அதற்குள் அரிசி. பக்கத்தில் கறுப்பு மையில் தோட்டத்தின் பெயரும், தேயிலையின் தரமும், மொத்த எடையும், வெறும் பெட்டியின் எடையும், ஓர் இலக்கமும் அச்சடிக்கப்பட்டிருந்தன. நான் முதன்முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த ஆங்கிலம் அதுவே. மலையகத்தில் என் வயதை ஒத்தவர்கள் பலருக்கும் இதுவே அனுபவமாக இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியின் வரலாறு சுவையானது. தேயிலை ஈரத்தையும் மணத்தையும் பஞ்சுபோல் உறிஞ்சும் பண்டம். ஏறத்தாழ மூன்று விழுக்காடு ஈரம் மட்டும் மிஞ்சும்படி உலர்த்தப்பட்டது, கடல் கடந்து போவதற்குள் பச்சைத் தண்ணீரின் வாடையைப் பிடித்துக்கொண்டால் ஏலத்தில் விலைபோகாது. ஆகவே உள்ளே ஈயத் தகடு, பிற்காலத்தில் அலுமினியத் தாள், வெளியே மரம். தொடக்கத்தில் கனமான பலகைகளால் பெட்டிகள் செய்யப்பட்டன. பிறகு பல மெல்லிய ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ஒட்டுப்பலகை வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், எஸ்தோனியாவின் தாலின் நகரிலிருந்த லூதர் தொழிற்சாலையின் பலகைகளை இலண்டனிலிருந்து 'வெனெஸ்டா' என்ற நிறுவனம் விற்கத் தொடங்கியது. அந்தப் பெயரே மரஏட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் எஸ்தோனியா என்ற நாட்டுப் பெயரையும் ஒட்டிச் செய்யப்பட்டது. எர்னஸ்ட் ஷாக்கிள்டன் 1907இல் தென்துருவம் நோக்கிப் புறப்பட்டபோது உணவுப் பொருட்களை வெனெஸ்டா பெட்டிகளில்தான் கொண்டு சென்றார். அங்கே பனிக்கட்டி நடுவே அவருடைய குழுவினர் அச்சிட்ட நூலுக்கு அட்டையாகவும் அந்தப் பெட்டிப் பலகைகளே பயன்பட்டன.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கேயே பலகை செய்யவேண்டிய நிலை வந்தது. காலிக்கு அருகே ஜிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் கொஸ்கமவில் இன்னொன்று. கொஸ்கமவுக்கு மரம் வேண்டும் என்பதற்காகவே 1972 முதல் 1977 வரை சிங்கராஜ வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் தறித்தார்கள். மக்களின் எதிர்ப்பால் அது நிறுத்தப்பட்டது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. தேயிலைப் பெட்டிக்காக ஒரு மழைக்காடு வெட்டப்பட்டது என்பதைப் பத்திரிகைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

கந்தப்பளையிலிருந்து இந்தப் பெட்டிகள் ஒரு காலத்தில் ரயிலில் போயின. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள சிறு தண்டவாளப் பாதை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது. லொறிகள் வந்து அதன் வருமானத்தைப் பிடுங்கிக்கொண்டன. 1940களில் அது மூடப்பட்டது. எங்கள் தாத்தாமார் அந்த ரயிலைப் பற்றிச் சொல்லும்போது அது ஏதோ வீட்டில் வளர்த்த மாடு என்பதுபோலச் சொல்வார்கள்.

நிற்க. பெட்டி இலண்டன் போய்ச் சேர்ந்த பின் என்ன நடந்தது?

தேயிலை வெளியே எடுக்கப்பட்டது. வெறும் பெட்டி மிஞ்சியது. பிரித்தானியாவில் அந்த வெற்றுப் பெட்டிகளுக்குத் தனிச் சந்தையே இருந்தது. வீடு மாறுவோர் பாத்திரங்களையும் புத்தகங்களையும் அவற்றில் அடுக்கினார்கள். பலசரக்குக் கடைக்காரர் சில்லறைக் காசுக்குக் கொடுப்பார், சிலவேளை சும்மாவும் கொடுப்பார். 1950களின் நடுவில் அங்கே இன்னொரு வகை வாடிக்கையாளர்கள் முளைத்தார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள்.

1954இல் லொனி டொனிகன் என்ற பாடகர் 'ரொக் ஐலண்ட் லைன்' என்ற அமெரிக்கப் பாடலைப் பதிவு செய்தார். 1956இல் அது பிரித்தானியாவைப் பிடித்து ஆட்டியது. 'ஸ்கிஃபிள்' என்று அந்த இசைக்குப் பெயர். அதற்கு ஒரு மலிவான கிட்டார், துணி துவைக்கும் நெளிதகடு ஒன்று, கீழ்ச்சுருதிக்கு ஏதாவது ஒன்று ஆகியவை போதும். ஒரு கட்டத்தில் அந்த நாட்டில் முப்பதாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை இத்தகைய குழுக்கள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. கீழ்ச்சுருதிக்கான பெரிய நின்ற வயலினை வாங்க எந்தத் தொழிலாளி வீட்டுப் பையனிடமும் காசில்லை. ஆகவே தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அடிப்பலகையின் நடுவே துளையிட்டு ஒரு கயிற்றை முடிச்சிட்டார்கள். மறுமுனையைத் தும்புத்தடியின் உச்சியில் கட்டினார்கள். தடியின் கால் பெட்டியின் ஓரத்தில் நிற்கும். தடியைப் பின்னுக்கு இழுத்தால் கயிறு விறைத்துச் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். சரியான சுரம் எங்கே இருக்கிறது என்பது வாசிப்பவரின் காதுக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். நம் வில்லுப்பாட்டுக்காரரிடம் வில்லும் குடமும் இருப்பதுபோல அவர்களிடம் தடியும் பெட்டியும் இருந்தன.

1957 ஜூலை 6ஆம் திகதி லிவர்பூலில் வூல்டன் தேவாலய விழாவில் 'குவாரிமென்' என்ற குழு வாசித்தது. தலைவன் ஜோன் லெனன், வயது பதினாறு. தேயிலைப் பெட்டியில் வாசித்தவர் லென் கேரி. அன்றுதான் லெனனும் போல் மெக்கார்ட்னியும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் வரலாற்றை எழுதும் எவரும் இந்த நாளைத் தவறவிடுவதில்லை. ஆனால் அந்தப் பெட்டியை ஆணியடித்து மூடிய கையைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதியதில்லை. அது அசாமிலோ, வால்பாறையிலோ, இங்கே எங்கள் ஊரின் ஒரு பெக்டரியிலோ இருந்திருக்கலாம். எங்கிருந்தாலும் அது பெரும்பாலும் சம்பளம் போதாத ஒரு கையாகத்தான் இருந்திருக்கும்.

இவ்விடத்தில் வாசகர்கள் கேட்கக்கூடும், அமெரிக்காவில் அப்போது மின் பேஸ் கிட்டார் இருந்ததே என்று. இருந்தது. லியோ ஃபெண்டர் 1951இல் கலிபோர்னியாவில் தம் 'பிரிசிஷன் பேஸ்' கிட்டாரை வெளியிட்டார். கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்திருந்ததால் விரலை வைத்த இடத்தில் துல்லியமான சுரம் வரும். அதனால்தான் துல்லியம் என்று பொருள்படும் அந்தப் பெயர். ஆனால் பிரித்தானியா அந்த ஆண்டிலேயே டொலரைச் சேமிப்பதற்காக அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதிக்குத் தடை விதித்திருந்தது. அந்தத் தடை 1959 வரை நீடித்தது. அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில் பிள்ளைகள் எப்படி இசை பழகுவார்கள் என்பதற்குத் தேயிலைப் பெட்டி ஒரு சான்று. எழுபதுகளில் இலங்கையில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மெக்கார்ட்னி பேஸ் வாசிக்க நேர்ந்தபோது, ஜேர்மனியின் ஹாம்பர்க் நகரில், 1961இல், வயலின் வடிவிலான ஹொஃப்னர் கிட்டாரை வாங்கினார். ஃபெண்டருக்கு ஏறத்தாழ நூறு பவுண் ஆகும், இதற்கு முப்பது பவுண்தான் ஆயிற்று என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இரு பக்கமும் ஒரே வடிவமாக இருந்ததால் இடக்கைக்காரரான தமக்கு அது கோணலாகத் தோன்றவில்லை என்பது இன்னொரு காரணம். 1972 ஒக்டோபரில் அந்தக் கிட்டார் இலண்டனில் ஒரு வேனிலிருந்து திருடப்பட்டது. ஐம்பத்தொரு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்து, ஒரு வீட்டின் கூரையறையிலிருந்து வெளிவந்தது. உரியவரிடம் திரும்பிய செய்தி 2024 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஜாகோ பாஸ்டோரியஸின் பேஸ் கிட்டாரும் அவ்வாறே 1986இல் நியூயோர்க்கில் காணாமற்போய், அவர் இறந்து வெகுகாலத்தின் பின் ஒரு பழைய கிட்டார்க் கடையில் தலைகாட்டியது. திருட்டுப்போன கருவிகள் பழைய பொருள் சந்தையில் நீந்திக்கொண்டே இருக்கின்றன. விற்பவரிடம் "யாரிடம் வாங்கினீர்கள்?" என்று கேட்பது நாகரிகக் குறைவு அல்ல.

இனி மலையகத்துக்கு வருவோம்.

தோட்டத்தில் இசை என்றால் தப்புதான். காலையில் பிரட்டுக்கு ஆளைக் கூப்பிடவும் தப்பு, காமன் கூத்துக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்து வைத்திராவிட்டால் அந்தப் பாடல்களில் பல இன்று நமக்குக் கிடைத்திரா. மேலைத்தேயக் கருவிகளோ துரைமாரின் உலகைச் சேர்ந்தவை. நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப், அதையொட்டிய ஹோட்டல்கள், ஏப்ரல் மாதக் குதிரைப் பந்தயக் காலம் ஆகியவற்றுக்காகக் கொழும்பிலிருந்து வாத்தியக்காரர்கள் வருவார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டவர்கள் எங்களூர்க்காரர்கள்.

அறுபதுகளின் பிற்பகுதியில் இந்தச் சுவர் சற்றுத் தளர்ந்தது. ஹப்புத்தளையில் பிறந்த கிளாரன்ஸ் விஜேவர்தன தம் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் வழியாகச் சிங்கள இசையில் மின்கிட்டாரை நிலைநிறுத்தினார். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப்பிசையைப் பாமரரின் வாயில் போட்டார்கள். பிறகு 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. இளையராஜாவின் பாட்டுகளைக் கோயில் திருவிழாவில் வாசிக்கவேண்டும் என்றால் ஆர்மோனியமும் டோலக்கும் போதவில்லை. அந்தப் பாட்டுகளில் அடியில் ஓடும் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் கட்டிலின் ஒரு காலை எடுத்ததுபோல ஆகிவிடும். 'மூடுபனி', 'பயணங்கள் முடிவதில்லை' போன்ற படங்களின் பாட்டுகளை வாசிக்க முயன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பேஸ் கிட்டாரை எங்கே வாங்குவது? 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். பாணுக்கும் துணிக்கும் வரிசை. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. அப்படியான நாட்டில் புதுக் கிட்டாருக்கு யார் அனுமதிப்பத்திரம் கொடுப்பார்? ஆகவே நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த கருவிகளே கைக்குக் கை சுற்றின. வெளிநாட்டுக்குக் குடிபெயரும் பறங்கியர் விற்பார்கள். கொழும்புக் குழுவினர் வாங்குவார்கள். அவர்கள் தேய்த்ததை ஹோட்டல் வாத்தியக்காரர் வாங்குவார். அவர் நுவரெலியாவுக்கு வரும்போது, பந்தயத்தில் குதிரை காலை வாரிவிட்டால், எங்களூர்ப் பையன்களுக்கு யோகம் அடிக்கும். பல பேரம் ரொக்கத்தில் நடக்கவில்லை. ஒலிபெருக்கிக்குக் கிட்டார், கிட்டாருக்குச் சைக்கிளும் மேலே இருநூறு ரூபாவும், மீதிக்குச் சீட்டு விழும்வரை தவணை என்று போகும். தீபாவளி முற்பணம் கைக்கு வரும் மாதத்தில் விலை சற்று ஏறும்.

ஏமாற்றும் உண்டு. கல்கத்தாவில் செய்யப்பட்ட கிட்டார்களில் 'கிவ்சன்' என்றும் 'ஹோப்னர்' என்றும் பெயர்கள் இருந்தன. அவை மோசமான கருவிகள் என்று சொல்லமாட்டேன். அவற்றில் பழகிய நல்ல வாத்தியக்காரர்கள் உண்டு. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் கிப்சன் என்றும் ஹொஃப்னர் என்றும் வாசித்துவிட்டு, அமெரிக்க விலையும் ஜேர்மன் விலையும் கொடுத்தவர்களும் உண்டு.

எங்கள் லயத்தில் பெக்டரியில் பெட்டி அடிக்கும் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரைப் பெட்டியண்ணன் என்று அழைப்போம். தோட்டத்துக்குப் பெட்டிகள் முழுதாக வருவதில்லை. பலகைகளும் சட்டங்களும் உலோக விளிம்புகளும் கட்டுக்கட்டாக வரும். அவற்றைப் பொருத்தி ஆணியடிப்பது அவருடைய வேலை. அவர்தான் கோயில் இசைக்குழுவின் பேஸ்காரர். எழுபதுகளின் நடுவில் ஓர் ஏப்ரல் முடிவில், ஒரு ஹோட்டல் வாத்தியக்காரரிடம் ஜப்பானிய டெய்ஸ்கோ பேஸ் ஒன்றைத் தவணையில் வாங்கினாராம். நான் அதை முதலில் பார்த்தபோது அதன் தலையில் ஒரு முறுக்காணி போய், அதற்குப் பதிலாக ஏதோ ஓர் இயந்திரத்தின் திருகு இருந்தது.

ஒலிபெருக்கிக்குப் பெட்டி வேண்டுமே? கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிப் பலகைகளால் அவரே செய்தார். அந்தப் பலகை மிக மெலிது. தாழ்ந்த சுரம் வாசிக்கும்போது பெட்டி முழுவதும் அதிரும். வண்டு நுழைந்ததுபோல ஓர் இரைச்சல். உள்ளே சாக்குத் துண்டுகளைத் திணித்துப் பார்த்தார். வண்டு சற்று அடங்கியது, சாகவில்லை. அன்றைக்கு நான் பத்து, பதினொரு வயதுச் சிறுவன். திருவிழாவில் மேடைக்குக் கீழே அமர்ந்திருந்தால் அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டில் இறங்கும். பாட்டுக்காரரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பழைய கிட்டாரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று அவர் குழுவிலிருந்த இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். துப்பாக்கி குறிபார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்தை அடியிலிருந்து பார்க்க வேண்டும். மூன்றாம் தந்தியை முதற் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் அழுத்தி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். ஒரு கடதாசி நுழைந்தால் நல்லது, ஒரு ரூபாக் குற்றி நுழைந்தால் கழுத்து வளைந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பனிக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி இருக்கிறது, அதைத் திருகி நேராக்கலாம், ஆனால் ஒரேயடியாகத் திருகினால் ஒடிந்துவிடும் என்பார். "தேயிலையும் கிட்டாரும் ஒரே சாதி. ரெண்டையும் பனியில வைக்கக் கூடாது" என்பது அவருடைய வாய்ப்பாடு.

1981இல் அவருக்குக் கப்பல் வந்தது.

புலம்பெயர்ந்த வாசகர்களில் இளையோருக்கு இதை விளக்க வேண்டும். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்று முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்களைப் பிரித்தார்களே தவிர அவர்களைக் கேட்கவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு எங்கள் மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். சிலர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மறுபடியும் கொழுந்துதான், மறுபடியும் பனிதான்.

கப்பல் வந்த வீட்டில் ஒரு வாரம் சந்தை நடக்கும். அம்மி, ஆட்டுக்கல், கோழிக்கூடு, வானொலிப்பெட்டி, சுவர்க்கடிகாரம் எல்லாம் முற்றத்துக்கு வரும். வாங்குகிறவனும் ஏழை, விற்கிறவனும் ஏழை. அடுத்த வாரம் நமக்கும் கப்பல் வரலாம் என்ற நினைப்பில் எவரும் அடித்துப் பேரம் பேசமாட்டார்கள். பெட்டியண்ணன் கிட்டாரை முற்றத்துக்குக் கொண்டுவரவில்லை. கோயிலில் டிரம் வாசித்த, மரக்கறித் தோட்டத்தில் கூலிக்கு நின்ற ஒரு பையனைக் கூப்பிட்டு, அவன் கையில் கொடுத்தார். பாதிப் பணம் உடனே, மீதி ஆறு தவணை. ஒலிபெருக்கிப் பெட்டி இனாம். தவணைப் பணத்தை, பின்னால் கப்பலேறும் குடும்பங்களிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று பேச்சு. கோத்தகிரியில் ஒரு முகவரி.

நான்கு தவணை போய்ச் சேர்ந்தது. 1983 ஜூலையில் அந்தப் பையன் கிட்டாரின் மின்தொடுப்பு கரகரக்கிறது என்று நுவரெலியாவில் ஒரு வானொலி திருத்தும் கடையில் கொடுத்திருந்தான். அந்த மாதத்தின் இறுதி வாரத்தில் நுவரெலியாவில் தமிழரின் கடைகள் எரிக்கப்பட்டன. அந்தக் கடையும் எரிந்தது. நாங்கள் இரண்டு இரவுகள் தேயிலைச் செடிகளுக்கிடையே படுத்திருந்தோம். மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பியபோது அரிசிப் பெட்டியும் சாமி படங்களும் அப்படியே இருந்தன. அழுதவர்களுக்கு நடுவே ஒரு கிட்டாருக்காக அழுவதற்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது என்று பல ஆண்டுகள் கழித்து என்னிடம் சொன்னான்.

சில வாரங்களின் பின் அவன் என்னிடம் வந்தான். எனக்கு அப்போது பதினான்கு வயது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் தோட்டத்தில் பலருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பேன். எஞ்சிய இரண்டு தவணையையும் ஒன்றாக அனுப்புகிறான், கூடவே ஒரு கடிதம் வேண்டும். "கிட்டார் நல்லா இருக்கு, திருவிழாவுக்கு வாசிச்சோம்னு எழுது" என்றான். அப்படியே எழுதினேன். உண்மைக்குப் புறம்பாக நான் எழுதிய முதற் செய்தி அது. பத்திரிகையில் சேர்ந்தபின் எழுதியவற்றைப் பற்றி வேறொரு சந்தர்ப்பத்தில் பார்க்கலாம். அந்தக் கடிதமும் பணமும் கப்பலில் போயின. அடுத்த ஆண்டு போரினால் கப்பல் சேவையே நின்றுபோயிற்று. பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

1977இன் பிற்பகுதியில் பொருளாதாரம் திறக்கப்பட்டபின் கருவிகள் மெல்ல மெல்ல வரத்தொடங்கியிருந்தன. மத்தியகிழக்குக்குப் போனவர்கள் விசைப்பலகைகளோடு திரும்பினார்கள். வாகனங்களைப் போலவே ஜப்பானில் பாவித்துக் கழித்த கிட்டார்களும் கொழும்புக்கு வந்து சேர்ந்தன. ஜப்பானியப் பொருள் என்றால் போலி என்று பெட்டியண்ணன் காலத்தில் ஒரு முகச்சுளிப்பு இருந்தது. இப்போது நிலை தலைகீழ். 1965இல் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை ஒரு கோடி முப்பது இலட்சம் டொலருக்கு வாங்கியபின் தரம் வீழ்ந்தது என்பது வாத்தியக்காரரின் பொதுவான முறைப்பாடு. அதனாலேயே அதற்கு முந்திய கிட்டார்கள் இன்று வீட்டு விலைக்குப் போகின்றன. அமெரிக்கத் தரம் தள்ளாடிய காலத்தில் ஜப்பானியர் கவனமாகச் செய்தார்கள். கடைசியில் ஃபெண்டர் நிறுவனமே 1982இல் ஜப்பானில் தன் பெயரில் கிட்டார் செய்யத் தொடங்கிவிட்டது. அந்த முதல் ஆண்டுகளின் ஜப்பானியக் கருவிகளைத் தேடித் திரிகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். 2022இல் எங்கள் ரூபா சில வாரங்களுக்குள் சரிந்து விழுந்தபோது புதுக் கருவி மறுபடியும் எட்டாக்கனியாயிற்று. ஆக, என் மருமகன் நிற்கும் இடம் பெட்டியண்ணன் நின்ற இடத்திலிருந்து வெகுதூரம் அல்ல.

தேயிலைப் பெட்டியும் போய்விட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பல அடுக்குக் கடதாசிப் பைகள் அதன் இடத்தைப் பிடித்தன. கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை, வெளித்தோற்றம் மாறாமல் 1996இல் உல்லாச ஹோட்டலாகிவிட்டது. ஒரு தேநீர் குடிக்க அங்கே ஒருமுறை போனேன். விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து குடித்தேன்.

பொங்கல் கழிந்த மறுநாள் மருமகனும் நானும் கண்டிக்குப் பஸ் ஏறினோம். விற்பவர் எழுபது வயதைத் தாண்டிய சிங்களப் பெரியவர். ஹோட்டல்களில் வாசித்தவராம், விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பார்த்தேன். மூன்றாம் தந்தியை அழுத்திக் கடதாசித் துண்டு ஒன்றை நுழைத்தேன். அவர் என்னைப் பார்த்து, நீங்களும் வாசிப்பவரா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். யார் இதைச் சொல்லித் தந்தார் என்றார். தேயிலைப் பெட்டி அடிக்கும் ஒருவர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எங்கே ஊர் என்று கேட்டு, கந்தப்பளை என்றதும், எழுபதுகளில் ஏப்ரல் மாதங்களில் நுவரெலியாவுக்கு வாசிக்க வந்திருப்பதாகச் சொன்னார். டெய்ஸ்கோ பேஸ் ஒன்றை யாருக்காவது விற்றீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அப்படி விற்றவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

அறுபத்தெட்டாயிரத்துக்கு முடிந்தது. நாற்பது ரொக்கம், மீதி நான்கு மாதத்தில். எழுத்துப் பத்திரம் எதுவும் அவர் கேட்கவில்லை. உறை இல்லாததால் கிட்டாரை ஓர் உரப்பையில் சுற்றி, மேலே என் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தோம். இறம்பொடையைத் தாண்டும்போது பனி இறங்கிவிட்டது. அவன் பஸ் ஜன்னலை இழுத்து மூடினான்.

ஊருக்கு வந்ததும் அவன் நேரே தன் மாஸ்டர் வீட்டுக்குப் போனான். 1983இல் கிட்டாரை இழந்த அந்தப் பையன்தான் இப்போது மாஸ்டர், தலை நரைத்துவிட்டது. மூலையில் அந்தப் பழைய ஒலிபெருக்கிப் பெட்டி இன்னும் இருக்கிறது. உள்ளே ஒலிபெருக்கியும் கம்பிகளும் மாற்றப்பட்டுவிட்டன, பலகை மட்டும் பழையது. பின்புறத்தில் எங்கள் தோட்டத்தின் பெயரில் பாதியும் வெறும் பெட்டியின் எடையும் மங்கலாகத் தெரிகின்றன. மருமகன் கம்பியைச் செருகித் தாழ்ந்த தந்தியை ஒருமுறை மீட்டினான். வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. மாஸ்டர் எழுந்துபோய்ச் சாக்குத் துண்டு ஒன்றைத் தேடினார்.